அஞ்சல்வழியில் எம்.ஏ. வரலாறு: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

இந்தக் குறிப்புகள் இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின்) எம்.ஏ. வரலாற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ வேறு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவிலோ படிப்பவர்களுக்கு எண்களும் தேதிகளும் மாறும். சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான். முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எங்கே இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்குமுன் சில அளவுகள். படிப்பை முடிக்கக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4 ஆண்டு. ஒரு தாள் 8 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஒவ்வொரு தாளிலும் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். இரண்டிலும் தனித்தனியே 40 எடுத்தாக வேண்டும். அசைன்மென்ட்டில் 80 வாங்கிவிட்டுத் தேர்வில் 35 வாங்கினால் சராசரி வந்து காப்பாற்றாது. தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும்.

மூன்று மாதமாகியும் முதல் புத்தகத்தைத் தாண்டவில்லை

உங்களுக்குச் சோம்பல் என்று முடிவுகட்டுமுன் கணக்கைப் பாருங்கள். ஒரு தாளுக்கு 240 மணி. முதல் ஆண்டின் நான்கு தாளுக்கும் சேர்த்து 960. ஆண்டின் 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் பதினெட்டரை மணி நேரம். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறவருக்கு வாரம் எட்டு ஒன்பது மணி கிடைத்தாலே பெரிது. ஆக, எல்லாப் புத்தகத்தையும் வரிசையாகப் படித்து முடிப்பது என்ற திட்டம் போடும்போதே தோற்றுவிட்டது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, நான்கு தாளையும் ஒரே ஜூனில் எழுதாமல் இரண்டை ஜூனிலும் இரண்டை டிசம்பரிலும் எழுதுவது. முதல் ஆண்டுத் தாள்களில் தேறாவிட்டாலும் இரண்டாம் ஆண்டுக்கு மறுபதிவு செய்யலாம் என்பதால் இதில் நஷ்டம் இல்லை. தேர்வைத் தள்ளலாம், மறுபதிவைத் தள்ளாதீர்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க நேரும்.

இன்னொன்று, தாளுக்குள்ளேயே வெட்டுவது. கடந்த ஐந்தாறு தேர்வுகளின் வினாத்தாள்களைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து எடுங்கள். தாள் குறியீடு உங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாடத்திட்டம் மாறும்போது குறியீடும் மாறும். ஒவ்வொரு கேள்வியும் எந்த யூனிட்டிலிருந்து (பாடநூலின் இயலிலிருந்து) வந்தது என்று உள்ளடக்கப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். சில யூனிட்டில் நான்கைந்து கோடு விழும், சிலவற்றில் ஒன்றும் விழாது. கோடு விழுந்தவற்றை ஆழமாகவும், மற்றவற்றில் முன்னுரையையும் தொகுப்புரையையும் மட்டும் படியுங்கள். மொத்தத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே வெட்ட வேண்டாம். இரண்டு யூனிட்டைச் சேர்த்துக் கேட்கும் கேள்வி வந்தால் பாதி பதிலோடு நிற்க வேண்டியிருக்கும்.

புத்தகக் கட்டு இன்னும் தபாலில் வரவில்லை என்பது காரணமே இல்லை. இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் அதே பாடநூல்கள் பி.டி.எஃப்.பாக இருக்கின்றன.

படிக்கும்போது புரிகிறது, மூடி வைத்தால் ஒன்றும் நிற்கவில்லை

பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் மஞ்சள் ஹைலைட்டர் இருந்தால் காரணம் அதுதான். கோடு போடும் கை வேலை செய்கிறது, தலை ஓய்வெடுக்கிறது. வரலாற்றுப் பாடநூலைக் கதைபோல் முதல் வரியிலிருந்து வாசித்தால் எது வாதம், எது அதற்கான சான்று, எது சும்மா இணைப்பு வரி என்று பிரியாது.

தலைகீழாகப் படியுங்கள். யூனிட்டின் கடைசியில் உள்ள பயிற்சி வினாக்களை முதலில் பாருங்கள். அடுத்து தொகுப்புரை. பிறகுதான் உள்ளே போக வேண்டும். இருபது பக்க யூனிட்டுக்கு இந்த முன்வேலை 15 நிமிடம், வாசிப்பு ஒன்றேகால் மணி. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே ஒரு ஏ4 தாளில் அரை மணி நேரம் எழுதுங்கள்: இந்த யூனிட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, அந்தப் பதிலில் உள்ள மூன்று நான்கு வாதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று, யார் மறுக்கிறார்கள். எழுத வராத இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிற மையில் நிரப்புங்கள். அந்த வேறு நிறம்தான் நீங்கள் திரும்பப் பார்க்க வேண்டிய பகுதி. மறுநாள் பத்து நிமிடம், தாளைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு யூனிட்டுக்கு ஒரு தாள்தான். இரண்டாவது தாளுக்குப் போனால் மறுபடி புத்தகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

ஆண்டுகள் மனத்தில் தங்கவில்லை

தங்க வேண்டியதில்லை. ஒரு தாளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போதும், மற்றவை அவற்றைச் சுற்றி வந்து நிற்கும். காலனியப் பொருளாதாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1757 பிளாசி, 1765 வங்காள திவானி (வரி வசூல்) உரிமை, 1793 ஜமீன்தார்களின் நிலவரியை நிலையாக வரையறுத்த நிரந்தரத் தீர்வு, 1813 பட்டயச் சட்டம், 1820 சென்னை மாகாணத்துக்கு மன்றோ ஆளுநர், 1853 பம்பாய்–தானே ரயில், 1876–78 பெரும்பஞ்சம், 1943 வங்கப் பஞ்சம்.

ஆண்டை மட்டும் மனனம் செய்தால் பயனில்லை. ஒவ்வொன்றோடும் "அதனால் என்ன மாறியது" என்ற ஒரு வரி இருக்க வேண்டும். 1813 என்றால், சீன வணிகமும் தேயிலையும் நீங்கலாக இந்தியாவோடு வணிகம் செய்வதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் முடிந்தது, பிரிட்டிஷ் ஆலைத் துணிக்குக் கதவு திறந்தது. 1820 என்றால் ஜமீன்தார் இல்லாமல் ரயத்துகளிடமே (உழவர்களிடமே) வரி வாங்கும் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் வேரூன்றியது. இப்படி இருந்தால் நெசவாளர் வீழ்ச்சி பற்றிக் கேட்டாலும் நிலவரி பற்றிக் கேட்டாலும் எடுக்க ஏதாவது இருக்கும். தேர்வில் ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "19ஆம் நூற்றாண்டின் முதற்கால்" என்று எழுதுங்கள். தவறான ஆண்டைத் துணிந்து எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வரலாற்றாசிரியர் பெயர்கள் எல்லாம் ஒன்றாகக் குழம்புகின்றன

வரலாற்றியல் (வரலாறு எழுதப்பட்ட முறைகளைப் பற்றிய) தாளிலும் அரசியல் அமைப்புகள் தாளிலும் இது கட்டாயம் வரும். பெயரையும் நூலையும் பட்டியலாகப் படிப்பதுதான் காரணம். விவாதத்தை விவாதமாகப் படித்தால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இந்திய நிலவுடைமைமுறை (ஃபியூடலிசம்) விவாதத்தைப் பாருங்கள். டி.டி. கோசாம்பி 1956இல் அதை மேலிருந்து வந்த நிலவுடைமை, கீழிருந்து வந்த நிலவுடைமை என்று பிரித்தார். அரசன் தனக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உரிமைகளைக் கொடுத்ததால் விளைந்தது ஒன்று, ஊருக்குள்ளேயே நிலம் வைத்திருந்த ஒரு வர்க்கம் தலையெடுத்ததால் விளைந்தது மற்றொன்று. ஆர்.எஸ். சர்மா 1965இல் நிலக்கொடைச் செப்பேடுகளை அடிப்படையாக வைத்து, வணிகமும் நகரங்களும் நாணயப் புழக்கமும் குன்றியதோடு அதை இணைத்தார். ஹர்பன்ஸ் முகியா 1979இல் கேள்வியையே திருப்பிப் போட்டார்: இந்தியாவில் அப்படி ஒன்று இருந்ததா? ஐரோப்பியப் பண்ணையடிமை போலல்லாமல் இங்கே உழவனின் உற்பத்தி அவன் கையிலேயே இருந்தது என்பது அவர் வாதம்.

மூன்று பேர், மூன்று அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் நான்கு வரி: அவர் கேட்ட கேள்வி, பயன்படுத்திய சான்று, முடிவு, யாரோடு மோதுகிறார். ஐந்தாவது வரி வேண்டாம். கடைசி வரி இல்லாத அட்டையைத் தனியே வையுங்கள். எதிராளி தெரியாத வரலாற்றாசிரியரை நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

பக்கம் பக்கமாக எழுதியும் அசைன்மென்ட்டில் மதிப்பெண் ஐம்பதைத் தாண்டவில்லை

இது இரண்டு வகை. உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க, உங்கள் பதிலின் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அந்த வரிகள் கேள்விக்குப் பதில் சொன்னால் சிக்கல் சான்றில். அடுத்த தலைப்பைப் பாருங்கள். அவை வெறும் தலைப்புகளைப்போல, "ராஜராஜன் 985இல் அரியணை ஏறினான்", "சோழர் கடற்படை வலிமையானது" என்று இருந்தால், நீங்கள் கேள்விக்கு எழுதவில்லை, அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு மாதிரிக் கேள்வி: "சோழ அரசின் தன்மை குறித்த பல்வேறு கருத்துகளை ஆராய்க." தமிழ்நாட்டிலிருந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் விழுவது இந்தக் கேள்வியில்தான், ஏனென்றால் பொருள் நமக்கு நன்றாகத் தெரியும் என்ற தைரியம். பெரிய கோயில், கடாரம், குடவோலை, ஏரிகள் என்று மூன்று பக்கம் தடையில்லாமல் ஓடும். கேள்வி கேட்பதோ சோழரைப் பற்றி அல்ல, சோழ அரசு எப்படிப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை.

அதற்கான எலும்புக்கூடு இப்படி இருக்கும். 1930களில் நீலகண்ட சாஸ்திரி சோழ அரசை வலுவான மைய அதிகாரமும் அதிகார வர்க்கமும் கொண்ட பேரரசாகக் கண்டார், கீழே தன்னாட்சி ஊர்ச்சபைகள் இயங்கின என்றார். இவ்விரண்டும் எப்படி ஒரே இடத்தில் பொருந்தும் என்ற நெருடலைப் பிடித்துக்கொண்டு 1980இல் பர்ட்டன் ஸ்டைன் வேறு படம் வரைந்தார்: அரசனின் உண்மையான பிடி மையப்பகுதியில் மட்டும்தான், வெளியே அவனுக்கு இருந்தது சடங்குவழித் தலைமை, உயிருள்ள அலகு "நாடு" என்ற, பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்தான். ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றிய மானிடவியல் ஆய்விலிருந்து அவர் எடுத்துக்கொண்ட மாதிரி அது. இதற்கு நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தந்த மறுப்பு கல்வெட்டுகளை எண்ணிக்கையாகத் தொகுத்து வந்தது. ராஜராஜன் காலத்தில் பழைய நாடுகளின் எல்லையை வெட்டிக்கொண்டு வளநாடுகள் என்ற பெரிய நிர்வாகப் பிரிவுகள் உருவாக்கப்பட்டன, நிலம் அளக்கப்பட்டது, புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறை கல்வெட்டுகளில் தென்படுகிறது. சடங்குத் தலைமை மட்டும் வைத்திருந்த அரசனுக்கு இதெல்லாம் எதற்கு?

இதில் பெரிய கோயில் வரும். ஆனால் கட்டடக்கலைப் பெருமையாக அல்ல, அதன் கல்வெட்டுகள் தொலைவான ஊர்களிலிருந்தெல்லாம் வருவாயும் ஆட்களும் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டதைக் காட்டுகின்றன என்ற சான்றாக வரும். அந்த ஒரு வரியை ஸ்டைன் பக்கமும் திருப்பலாம், கராஷிமா பக்கமும் திருப்பலாம் என்று நீங்கள் எழுதிக் காட்டினால் "ஆராய்க" என்ற சொல்லுக்குப் பதில் சொல்லியாயிற்று.

500 சொல்லை இப்படிப் பங்கிடுங்கள்: கருத்து வேறுபாட்டைச் சொல்லும் முன்னுரை 70 சொல், மூன்று பத்திகள் தலா 110, உங்கள் மதிப்பீடு 100. கையெழுத்தில் இது ஏ4 தாளில் இரண்டரை முதல் மூன்று பக்கம். நான்கரைப் பக்கம் போனால் எங்கோ கதை சொல்லியிருக்கிறீர்கள், தேடி வெட்டுங்கள். முடிவுரையில் "எனவே இரு தரப்பிலும் உண்மை உண்டு" என்று நழுவ வேண்டாம். எந்தக் காலத்துக்கு, எந்தப் பகுதிக்கு எவர் கருத்து கூடுதலாகப் பொருந்துகிறது என்று சொல்லுங்கள்.

சான்றெல்லாம் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் "பகுப்பாய்வு இல்லை" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள்

சான்றைக் கொடுத்துவிட்டு அது எதைச் சொல்கிறது என்பதோடு நிறுத்தியிருப்பீர்கள். எதைச் சொல்லவில்லை என்பதையும் கேட்க வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நல்ல பயிற்சி. முதலாம் பராந்தகன் காலத்தவை, 919லும் 921லும் வெட்டப்பட்டவை இரண்டு. ஊரவைக்குக் குடத்திலிருந்து பெயர் ஓலை எடுத்து ஆள் தேர்ந்த குடவோலை முறை என்றதும் "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழகத்தில் மக்களாட்சி" என்று எழுதக் கை பரபரக்கும். கல்வெட்டையே படியுங்கள். ஊர் முப்பது குடும்புகளாக (வட்டங்களாக) பிரிக்கப்பட்டது. போட்டியிடுபவருக்குக் கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, மந்திர பிராமணம் என்ற வேத நூல்களில் பயிற்சி இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் (ஊர்வேலைகளைப் பார்த்த குழுவில்) இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கப்பட்டார்கள்.

இப்போது மூன்று கேள்வி. இது எந்த ஊர்? சதுர்வேதிமங்கலம், பிராமணருக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அப்படியானால் இந்த விதிகளைக் கொண்டு வேளாளர் ஊர்களின் "ஊர்" என்ற அவையைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? யார் உள்ளே, யார் வெளியே? நிலமில்லாதவர், பெண்கள், வேதம் படிக்காதவர் வெளியே. ஏன் இரண்டு கல்வெட்டு? முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60, இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதி திருத்தப்பட்டிருக்கிறது. முதல் ஏற்பாடு சரியாக ஓடவில்லை என்று ஊகிக்க இடமிருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்து எழுதிய நான்கு வரி, குடவோலையின் பெருமை பற்றிய ஒரு பக்கத்தைவிடக் கனமானது. தேர்தலுக்கும் திருவுளச்சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரு வரியில் தொட்டுவிடுங்கள். குடத்திலிருந்து ஓலை எடுத்தது ஒரு சிறுவன், எண்ணியது வாக்குகளை அல்ல.

தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகமும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் எழும்பூரில் ஆவணக் காப்பகமும் உண்டு. ஒரு தாளுக்கு ஒரு மூலச் சான்றை இப்படி நேரில் படித்தாலே போதும், எல்லாவற்றுக்கும் யாருக்கும் நேரமில்லை.

தமிழில் தெளிவாக இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுத வரவில்லை

இக்னோவில் இந்தப் படிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழில்தான் எழுதுவேன் என்பவர்கள் சேருமுன்பே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்ப்பது நல்லது. சேர்ந்துவிட்டவர்களுக்கு இது.

மனத்தில் நீளமான தமிழ் வாக்கியத்தைக் கட்டி, அதை அப்படியே ஆங்கிலமாக்குவதுதான் கோளாறு. தமிழில் வினை கடைசியில் வரும், எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் அப்படிக் கோத்தால் நடுவிலேயே யார் எதைச் செய்தார் என்பது தொலைந்துவிடும். பதினைந்து சொல்லுக்கு மேல் போகும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். யார், என்ன செய்தார், எதை. அவ்வளவுதான். அழகு தேவையில்லை.

கேள்வியின் முதல் சொல்லைப் புரிந்துகொள்வது இதைவிட முக்கியம். "டிரேஸ்" என்றால் கால வரிசையில் மாற்றத்தைக் காட்ட வேண்டும். "கம்பேர்" என்றால் இரண்டையும் ஒரே பத்தியில் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும், முதல் பக்கம் இது, அடுத்த பக்கம் அது என்று எழுதக் கூடாது. "எக்ஸாமின்", "கிரிட்டிக்கலி", "கமென்ட்" இவற்றில் எது வந்தாலும் எதிர்வாதம் இல்லாமல் பதில் முடியாது. "டிஸ்கஸ்" எல்லாவற்றையும் கலந்தது, சந்தேகம் வந்தால் அதையும் ஆராயும் கேள்வியாகவே நடத்துங்கள்.

பிரம்மதேயம், நாடு, வேலி, ஜாகிர் போன்ற சொற்களை மொழிபெயர்க்காதீர்கள். ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, முதல்முறை வரும்போது ஐந்தாறு சொல்லில் விளக்கிவிடுங்கள்.

கடையில் விற்கும் தயார் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதலாமா?

பாஸாகிவிடலாம், பலர் ஆகிறார்கள். பிறகு தேர்வில் 70 சதவீதம் நிற்கும் இடத்தில் கை ஓடாது. அசைன்மென்ட் என்பது ஒரு தாளுக்கு ஐந்து முழுநீளப் பதிலை நேர நெருக்கடி இல்லாமல் எழுதிப் பழகக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அதை விலைகொடுத்து இழப்பது வினோதமான சிக்கனம். மேலும், ஒரே விற்பனைப் பதிலை நாற்பது உறைகளில் திருத்துபவர் பார்க்கிறார், ஐந்தாவதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

தேர்வில் மூன்று கேள்வி எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது

மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி, தலா 20 மதிப்பெண். வினாத்தாளைப் படித்துத் தேர்ந்தெடுக்க 10 நிமிடம், கடைசியில் சரிபார்க்க 5 நிமிடம், ஒரு பதிலுக்கு 33 நிமிடம். மூன்றோடு நின்றவர்கள் பெரும்பாலும் முதல் பதிலுக்கே 55 நிமிடம் கொடுத்திருப்பார்கள், அது மிக நன்றாகத் தெரிந்த கேள்வி என்பதால். ஒரு பதிலுக்கு 14 வீதம் மூன்று எழுதினால் 42, விளிம்பில் நிற்பீர்கள். சுமாராக 10 வீதம் ஐந்து எழுதினால் 50. ஐந்தாவது பதிலின் முதல் பக்கம் தரும் மதிப்பெண்ணை முதல் பதிலின் ஐந்தாவது பக்கம் ஒருபோதும் தராது.

உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பாடநூலின் ஒரு பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்து எழுதி, சொற்களை எண்ணி ஐந்தால் வகுங்கள். திட்டமிட 4 நிமிடம் போக மீதி 29 நிமிடத்தில் 500 சொல் எழுத, நிமிடத்துக்கு 17 சொல் வேண்டும். பார்த்து எழுதும்போதே 15க்குக் கீழே இருந்தால் 500 உங்கள் இலக்கு இல்லை. 400 சொல்லில் வாதத்தை முடிக்கப் பழகுங்கள், வேகத்தை ஒரு மாதத்தில் ஏற்ற முடியாது. வருடக்கணக்காகக் கைபேசியிலேயே எழுதிப் பழகியவர்களுக்கு இரண்டாம் மணி நேரத்தில் கை வலி கட்டாயம் வரும். தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரம் இரண்டு பதில், பேனாவில், கடிகாரத்தோடு. தேர்வு நெருங்கும் வாரத்தில் ஒருமுறையாவது மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து ஐந்தும் எழுதுங்கள்.

வினாத்தாளின் தலைப்பில் உள்ள நிபந்தனையையும் படியுங்கள். இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது இரண்டு. ஒரே பிரிவிலிருந்து நான்கு எழுதினால் நான்காவது வீண். குறிப்பு எழுதும் கேள்வியில் இரண்டு தலைப்பும் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

அசைன்மென்ட்டில் பாஸ், தேர்வில் ஃபெயில்

தேர்வை மட்டும் மறுபடி எழுதினால் போதும், அசைன்மென்ட் மதிப்பெண் அப்படியே நிற்கும். தலைகீழாக, தேர்வில் பாஸாகி அசைன்மென்ட் விடுபட்டிருந்தால் நடப்பு ஆண்டின் கேள்விகளுக்குப் புதிதாக எழுத வேண்டும். போன ஆண்டின் கேள்வித்தாளுக்கு எழுதி வைத்ததை இப்போது கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. முகப்பில் எந்த ஜூலை, எந்த ஜனவரி சுழற்சிக்கானது என்று அச்சிட்டிருக்கும், எழுதத் தொடங்குமுன் பாருங்கள்.

இரண்டு மாதமாகப் புத்தகத்தைத் தொடவில்லை

விட்ட இடத்திலிருந்தும் தொடங்காதீர்கள், முதல் யூனிட்டிலிருந்தும் தொடங்காதீர்கள். அசைன்மென்ட் கேள்விகளை எடுத்து, உங்களுக்கு ஓரளவு பிடித்த ஒன்றைத் தேர்ந்து, அதற்குத் தேவையான யூனிட்டை மட்டும் படித்து, நான்கு நாளில் ஒரு பதில் எழுதி முடியுங்கள். கையில் ஒரு முடிந்த பதில் இருந்தால் அடுத்ததற்கு உட்காருவது எளிது. பழைய கால அட்டவணையைத் திருத்தி எழுதுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட வேண்டாம். கவுன்சலிங் வகுப்பு நடக்கும் ஸ்டடி சென்டராக இருந்தால் ஒரு வகுப்புக்காவது போய்வாருங்கள். பாடத்துக்காக இல்லாவிட்டாலும், அதே தாளை எழுதும் ஒருவரின் எண்ணாவது கிடைக்கும்.

அசைன்மென்ட் கொடுத்தேன், மதிப்பெண் இன்னும் ஏறவில்லை

முதலில் பொறுமை. தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம்வரை அசைன்மென்ட் மதிப்பெண்கள் சிறிது சிறிதாகத்தான் கிரேட் கார்டில் (இணையத்தில் காட்டப்படும் மதிப்பெண் பட்டியலில்) ஏறும். அதற்குப் பிறகும் காலியாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள்.

கொடுத்தபோது வாங்கிய ஒப்புகைச் சீட்டையோ, இணையவழி அனுப்பியிருந்தால் உறுதிசெய்த மின்னஞ்சலையோ தேடுங்கள். இது இல்லாமல் அடுத்த படிக்குப் போவது கடினம், ஆகவே கொடுக்கும் அன்றே கைபேசியில் படமெடுத்து வையுங்கள், விடைத்தாள் முழுவதையும் சேர்த்து. அடுத்து, முகப்பில் எழுதிய பதிவு எண்ணையும் தாள் குறியீட்டையும் உங்கள் நகலில் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் மதிப்பெண் வேறு எங்காவது போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது எங்கும் சேராமல் நிற்கும். பிறகு ஸ்டடி சென்டர் ஒருங்கிணைப்பாளரிடம், மதிப்பெண் பட்டியல் மண்டல மையத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். "அனுப்பியாயிற்று" என்றால் தேதியைக் குறித்துக்கொண்டு மண்டல மையத்துக்கு ஒரே மின்னஞ்சல்: பதிவு எண், தாள் குறியீடு, எந்தத் தேர்வுச் சுழற்சி, கொடுத்த தேதி, ஒப்புகையின் படம். ஒரு மின்னஞ்சலில் ஒரே சிக்கலை எழுதுங்கள். முகவரி மாற்றத்தையும் புத்தகம் வராததையும் அதோடு சேர்த்தால் கடிதம் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். நேரில் போக முடிந்தால் வேலைநாளில் காலையிலேயே, இரண்டு நகலோடு போங்கள், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பலாம்.